நாயின் தோல், மூக்குக் கோளாறுகள்: பினாங்கில் நாய் வளர்ப்போருக்கு முழுமையான வழிகாட்டி

குளிர்நாட்டு நாய்வளர்ப்புக் குறிப்புகளில் உண்ணி மருந்தைக் கோடையில் தொடங்கிக் குளிர் வந்ததும் நிறுத்தலாம் என்று இருக்கும். பினாங்கில் அந்தக் கணக்கு செல்லாது. வருடம் முழுக்கப் பகலில் 30 டிகிரிக்கு மேல் வெயில், ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். உண்ணி, தெள்ளுப்பூச்சி, ஈஸ்ட் பூஞ்சை மூன்றுக்கும் இங்கே ஓய்வுக் காலமே கிடையாது. ஜெலுத்தோங் டெரஸ் வீட்டில் கட்டியிருக்கும் கம்பத்து நாயானாலும், பாயான் பாருவில் குளிர்சாதன அறையில் தூங்கும் ஷி சூவானாலும் நிலைமை இதுதான்.

நாய் சொறியத் தொடங்கியதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் கைக்கு வருவது மனிதத் தோலுக்கு வாங்கிவைத்த ஏதோ ஒரு கிரீம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் ஒரு வாரம் அரிப்பு அடங்கும், பிறகு இரண்டு மடங்காகத் திரும்பும். தோலுக்குள் இருக்கும் சொறிப்பூச்சிக்கும் படர்தாமரைக்கும் ஸ்டீராய்டு தீனி போட்ட மாதிரி. வரிசை முக்கியம்: முதலில் பூச்சியைத் தேடு, அடுத்து கிருமியைத் தேடு, இரண்டும் இல்லை என்று தெரிந்த பிறகே ஒவ்வாமையைப் பற்றி யோசி. மூக்கில் தெரியும் கோளாறுகளிலும் பாதி இந்த வரிசைக்குள்ளேயே வந்துவிடும்.

எங்கே சொறிகிறது?

மருந்தைத் தேடுவதற்கு முன் இடத்தைப் பாருங்கள். வால் தொடங்கும் இடம், இடுப்பு, பின்தொடையின் பின்பக்கம் என்றால் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை. வேறு காரணம் தேடுவதற்கு முன் இதைத் தீர்த்தாக வேண்டும். காது மடலின் ஓரம், முழங்கை, குதிகால், அடிவயிறு ஆகியவற்றில் பொருக்குத் தட்டி இரவு பகலாகச் சொறிந்தால் சார்கோப்டஸ் என்ற பூச்சியால் வரும் சொறி. பாதத்தை நக்கி நக்கி முடி செம்பழுப்பாகி, முகம், அக்குள், காது என்று பரவினால் ஒவ்வாமை, பெரும்பாலும் ஈஸ்டும் கூடச் சேர்ந்திருக்கும். கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் முடி உதிர்ந்து வழுக்கையாகி, அரிப்பு மட்டும் அதிகம் இல்லையென்றால் டெமோடெக்ஸ் என்ற இன்னொரு சொறிப்பூச்சி.

இதை முழுத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் கிளினிக்கில் எந்தப் பரிசோதனை முதலில் என்பதை இதுவே முடிவு செய்யும். போவதற்கு முன் இரண்டு மூன்று நாள் குளிப்பாட்ட வேண்டாம். மஞ்சள் பூசிக் கொண்டுபோனால் தோலின் நிறமே தெரியாது, எண்ணெய் தடவியிருந்தால் டேப் ஒட்டி எடுக்கும் மாதிரியும் வீணாகும். பூசியது, ஊட்டியது எல்லாவற்றின் பெயரையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்; பெட்டியையே கொண்டுபோனால் இன்னும் நல்லது.

வீட்டிலேயே செய்யும் 5 நிமிடச் சோதனை

1. வெள்ளை டிஷ்யூ ஒன்றை நனைத்துத் தரையில் விரியுங்கள்.
2. நாயை அதன் மேல் நிறுத்தி, நெருக்கமான பற்கள் கொண்ட தெள்ளுச் சீப்பால் இடுப்பிலிருந்து வால் வரை வாருங்கள். சீப்பு தோலைத் தொட வேண்டும்.
3. உதிரும் கறுப்புத் துகள்களைப் பாருங்கள். ஈர டிஷ்யூவில் துருச்சிவப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த இரத்தம். கசியாமல் கறுப்பாகவே இருந்தால் வெறும் மண்.
4. பிறகு உண்ணி. காதுக்குள், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், வாலின் அடிப்பக்கம் என விரல் நுனியால் தடவுங்கள். கண்ணுக்குத் தப்பும் குஞ்சு உண்ணி விரலுக்குத் தப்பாது.

ஒவ்வாமை உள்ள நாய் நாள் முழுக்க நக்கித் தெள்ளையே விழுங்கிவிடும். ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் தெள்ளு இல்லை என்று ஆகிவிடாது.

உண்ணியும் தெள்ளும்

உடம்பில் கண்ணில் படும் தெள்ளு மொத்தத்தில் 5 விழுக்காடுதான். மீதி முட்டையாக, புழுவாக, கூடாகப் பாயிலும் சோபா இடுக்கிலும் கார் இருக்கையிலும் கிடக்கும். அதனால்தான் மருந்து கொடுத்த மூன்றாம் வாரத்தில் புதுத் தெள்ளைப் பார்த்துவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். கூட்டுக்குள் இருக்கும் தெள்ளை எந்த மருந்தும் தொடாது. அது வெளியே வந்து நாயைக் கடித்துத்தான் சாக வேண்டும். குறைந்தது மூன்று மாதம் இடைவிடாமல் கொடுக்க வேண்டும், வீட்டில் உள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் அதனதற்கு உரிய மருந்தை. படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை சுடுநீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள்.

இங்கே நாயில் காணும் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழக்கூடியது. வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் ஏறி, கூரை விளிம்பிலோ கதவுச் சட்டத்துப் பிளவிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். போர்ச் தரையை மட்டும் கழுவிவிட்டு உண்ணி போகவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை. சுவர் வெடிப்பு, கேட்டின் மூலை, கால்வாய் மூடியின் விளிம்பு, நாய்க்கூண்டின் அடிப்பலகை ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

வாரம் இரு முறை மருந்து ஷாம்பு போட வேண்டிய நாய்க்கு, பிடரியில் விடும் சொட்டு மருந்தைவிட வாயால் கொடுக்கும் மாத்திரை பொருத்தம், குளித்தாலும் போகாது. பிரவெக்டோ மாத்திரை சுமார் 12 வாரம் தாங்கும். நெக்ஸ்கார்ட், சிம்பாரிக்கா, கிரெடெலியோ மாதம் ஒன்று. எடையைச் சரியாகப் பார்த்து வாங்குங்கள், பெரிய மாத்திரையை இரண்டாக உடைத்து இரண்டு நாய்க்குக் கொடுக்காதீர்கள். வலிப்பு வந்த நாயென்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த மாத்திரைகள் உண்ணி கடித்த பிறகுதான் அதைக் கொல்லும், ஆகவே உடம்பில் செத்த உண்ணி ஒட்டியிருப்பது தோல்வி அல்ல. வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தை வாசலுக்குள்ளேயே விடாதீர்கள். பூனைக்கு அது உயிர்க்கொல்லி.

ஒட்டிய உண்ணியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். விரலால் நசுக்கவும் வேண்டாம்.

சொறி: இரண்டு பூச்சி, இரண்டு கதை

சார்கோப்டஸ் ஒட்டுவாரொட்டி. நாயிலிருந்து நாய்க்கும், நாயைத் தூக்கிக் கொஞ்சும் மனிதருக்கும் வரும். மணிக்கட்டிலும் இடுப்பிலும் சிவப்புப் புள்ளிகளோடு வீட்டார் சொறிந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், நல்ல தடயம் அது. காது மடலின் நுனியை மடித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். பின்னங்கால் தானாகவே சொறிவது போல் ஆடினால் சந்தேகம் வலுக்கும். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் இந்தப் பூச்சி பல முறை அகப்படாது. அதனால் அறிகுறி பொருந்தினால் மருத்துவர் மருந்தையே கொடுத்துப் பார்ப்பார். வீட்டில் உள்ள எல்லா நாய்க்கும் ஒரே நாளில் தொடங்க வேண்டும்.

டெமோடெக்ஸ் தொற்றாது. குட்டி பால் குடிக்கும் நாள்களிலேயே தாயிடமிருந்து ஏறுவது. எல்லா நாயிடமும் கொஞ்சம் உண்டு. எதிர்ப்புச் சக்தி குறையும்போதுதான் பெருகும். குட்டியின் முகத்தில் ஓரிரண்டு வழுக்கைத் திட்டு மட்டும் என்றால் பெரும்பாலும் தானே போகும். வயதான நாய்க்கு முதல் முறையாக உடம்பு முழுக்க வந்தால் ஹார்மோன் கோளாறோ வேறு உள்நோயோ இருக்கிறதா என்று தேட வேண்டும். மேலே சொன்ன உண்ணி மாத்திரைகளே இரண்டு வகைச் சொறிக்கும் இன்று முதல் மருந்து. ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு சுரண்டலிலும் பூச்சி இல்லை என்று வரும்வரை டெமோடெக்ஸ் மருந்தை நிறுத்தக் கூடாது. முடி முளைத்துவிட்டது என்பது போதாது.

கார்ப் பட்டறையில் வாங்கிவந்த பழைய எஞ்சின் எண்ணெயைத் தடவுவது இன்னும் நிற்கவில்லை. நாய் அதை நக்கும், தோல் வழியாகவும் ஏறும், கல்லீரலும் சிறுநீரகமும் கெடும். வேப்பிலை போட்டுக் கொதித்து ஆறிய நீரை மேலே ஊற்றினால் தோல் கொஞ்சம் குளிரும், கேடு இல்லை. ஆனால் தோலுக்குள் இருக்கும் பூச்சி அதற்குச் சாகாது. தேயிலை மர எண்ணெய், கோடாலித் தைலம், பூண்டு அரைத்த விழுது மூன்றும் நாய்க்கு ஆகாது.

ஈஸ்ட், பாக்டீரியா, ஷாம்பு போடும் முறை

மூடி வைத்த ஈரத்துணி வாடையோடு தோல் பிசுபிசுத்து, அக்குளும் கழுத்தும் கறுத்துத் தடித்து யானைத் தோலாகிவிட்டால் மலசேசியா ஈஸ்ட். சிவப்புக் கொப்புளம், சீழ்முனை, பிறகு விளிம்பில் செதில் உரியும் வட்டங்கள் என்றால் ஸ்டாபிலோகாக்கஸ் பாக்டீரியா. அந்த வட்டத்தைப் பார்த்துப் படர்தாமரை என்று நினைத்து மாதக்கணக்கில் பூஞ்சைக் களிம்பு தடவுகிறவர்கள் அதிகம். உண்மையான படர்தாமரையில் முடி முறிந்து திட்டு மொட்டையாகும், குழந்தைகளுக்கும் ஒட்டும். உறுதி செய்ய முடியை எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும். ஊதா விளக்கில் பச்சையாக ஒளிராததால் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஈஸ்டுக்கும் மேல்தோல் பாக்டீரியாவுக்கும் மாத்திரைக்கு முன் ஷாம்புதான் சரியான ஆயுதம். 2 விழுக்காடு குளோர்ஹெக்சிடினும் 2 விழுக்காடு மைக்கோனசோலும் கலந்தது, அல்லது 3 முதல் 4 விழுக்காடு குளோர்ஹெக்சிடின் மட்டும் உள்ளது. டெட்டாலும் மனித ஷாம்பும் வேண்டாம்: நாயின் தோல் மனிதத் தோலைவிட மெல்லியது, அமிலத்தன்மையும் வேறு.

1. சாதாரண நாய் ஷாம்புவால் எண்ணெய்ப் பசையை முதலில் போக்கி அலசுங்கள். அழுக்கின் மேல் போட்ட மருந்து தோலைச் சேராது.
2. மிக மோசமான இடத்தில் மருந்து ஷாம்புவைத் தொடங்குங்கள். விரலால் தோலைத் தொட்டுத் தேயுங்கள். கண்ணில் படக் கூடாது.
3. 10 நிமிடம் விடுங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். மனக்கணக்கில் 10 நிமிடம் என்பது பொதுவாக 3 நிமிடத்தில் முடிந்துவிடும், ஷாம்பு பலிக்காமல் போக இதுவே முதல் காரணம்.
4. குளிர்ந்த நீரால், வழுவழுப்பு போகும்வரை அலசுங்கள்.
5. விரல் இடுக்கும் அக்குளும் காயும்வரை துடைத்து, மின்விசிறிக்கு முன் உட்காரவையுங்கள். சூட்டுக் காற்று அரிப்பைக் கிளப்பும். பினாங்குக் காற்றில் தானே காயட்டும் என்று விட்டால் அடர்ந்த முடியுள்ள நாய் மணிக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

வாரம் இரு முறை, 3 முதல் 4 வாரம். அதற்குள் குறையவில்லையென்றால், அல்லது சீழ் ஆழமாக இருந்தால், கிருமியை வளர்த்து எந்த ஆன்டிபயாடிக் கேட்கிறது என்று பார்த்த பிறகே மாத்திரை. போன முறை மிஞ்சியதை 5 நாள் கொடுத்து நிறுத்துவதால்தான் மருந்துக்கு அடங்காத ஸ்டாபிலோகாக்கஸ் உருவாகிறது.

கோல்டன் ரிட்ரீவர் போன்ற அடர்முடி நாய்களில் ஒரே இரவில் கன்னத்திலோ தொடையிலோ ஈரமான சிவப்புப் புண் தோன்றும். சுற்றியுள்ள முடியை வழித்து, நீர்த்த குளோர்ஹெக்சிடினால் துடைத்து, காற்றுப் படவிடுங்கள். கழுத்தில் கூம்பு மாட்டி நக்காமல் பாருங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு ஆறும் சதையையும் சேர்த்து அரிக்கும்.

ஒவ்வாமை

பூச்சியும் கிருமியும் போன பிறகும் சொறிந்தால்தான் இந்தப் பகுதி. 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் தொடங்கினால் தூசிப்பூச்சி, மகரந்தம் போன்றவற்றால் வரும் அட்டோபி. வருடம் முழுக்க ஒரே மாதிரி அரித்தால் உணவையும் சோதிக்க வேண்டும். நாயின் உணவு ஒவ்வாமையைச் சொல்லும் இரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது. வழி ஒன்றே, விலக்குணவு.

ஹைட்ரோலைஸ் செய்த (புரதத்தை நுண்துண்டுகளாக உடைத்த) மருத்துவ உணவு, அல்லது நாய் இதுவரை தின்றே இராத ஒரு இறைச்சி, குறைந்தது 8 வாரம். வேறு எதுவும் கூடாது. இங்கேதான் தமிழ் வீடுகளில் சோதனை உடைகிறது. மேசைக்கு அடியில் விழும் ரொட்டி சானாய்த் துண்டு, பாட்டி பிசைந்து வைக்கும் தயிர்ச் சோறு, பக்கத்து வீட்டு அங்கிள் கேட் வழியாகப் போடும் கோழி எலும்பு, எல்லாமே கணக்கைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். கோழி, மாட்டிறைச்சி, பால் மூன்றும் அடிக்கடி ஒவ்வாமை தருபவை. சுவை சேர்த்த மாத்திரையும் உணவுதான், மருத்துவரிடம் மாற்று கேளுங்கள். 8 வாரத்தில் அரிப்பு குறைந்தால் பழைய உணவைத் திரும்பக் கொடுங்கள். 2 வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால்தான் உணவே காரணம் என்று உறுதி. சோதனை பாதியில் விட்டுப் போவது அதிகமும் இந்தக் கடைசிப் படியில்.

அட்டோபி என்றால் குணமாக்க முடியாது, அடக்கி வைக்கலாம். அப்போகுவெல் மாத்திரை ஒரு வயதுக்கு மேற்பட்ட நாய்க்கு. சைட்டோபாயிண்ட் ஊசி ஏறக்குறைய ஒரு மாதம் தாங்கும். மனிதருக்கான அரிப்பு மாத்திரைகளால் நாய்க்குப் பெரிய பலன் இல்லை.

மூக்கு: தொட்டுப் பார்ப்பதைவிட உற்றுப் பார்ப்பது மேல்

மூக்கு ஈரமாக இருந்தால் சுகம், காய்ந்தால் காய்ச்சல் என்பது நம்பத் தக்கதல்ல. காய்ச்சலை ஆசனவாய் வெப்பமானிதான் சொல்லும், 38.3 முதல் 39.2 டிகிரி வரை இயல்பு. மூக்கில் பார்க்க வேண்டியது மேற்பரப்பு. நல்ல மூக்கு நுனியில் சிறுசிறு மேடுகளும் இடையே கோடுகளும் தெளிவாக இருக்கும்.

நிறம் மட்டும் வெளுத்து, மேடுகள் அப்படியே இருந்தால் கவலை வேண்டாம். லாப்ரடார், கோல்டன், ஹஸ்கி இனங்களில் சாதாரணம். மேடுகள் மழுங்கி வழவழப்பாகி, கறுப்பு சாம்பல் நீலமாகி, பிறகு புண்ணும் பொருக்கும் வந்தால் நாள் கடத்தாதீர்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்கும் டிஸ்காய்டு லூப்பஸ் இப்படித்தான் தொடங்கும். ஜெர்மன் ஷெப்பர்டும் கோலியும் அதிகம் பாதிக்கப்படுபவை, வெயில் அதைத் தூண்டும். பாக்டீரியாவும் மூக்கில் இதே தோற்றத்தைத் தரக்கூடும் என்பதால், முதலில் 3, 4 வாரம் கிருமிக்குச் சிகிச்சை தந்து, அடங்காவிட்டால் சதைத் துணுக்கெடுத்துப் பார்ப்பதே சரியான முறை. இந்த நாய்களைக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 6.30க்குப் பின்பும் மட்டும் வெளியே கூட்டிப்போங்கள். துத்தநாக ஆக்சைடு கலந்த மனித வெயில் கிரீம் கூடாது, நக்கினால் நஞ்சு.

வறண்டு தடித்து முள்ளு முள்ளாக நின்றால் கெரட்டின் பெருக்கம். பக், ஃபிரெஞ்ச் புல்டாக், காக்கர் இனங்களில் வயதாக ஆக வரும். லாப்ரடாரில் 6 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் வந்தால் பரம்பரை. வெதுவெதுப்பான ஈரத்துணியை 5 நிமிடம் ஒற்றி, பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய படலமாக நாளுக்கு இரு முறை தடவுங்கள். தடவிய உடனே நடக்கக் கூட்டிப்போனால் நக்காது. பொருக்கைக் கத்தரிக்காதீர்கள், வெடிப்பு ஆழமாகும். பாதமும் சேர்ந்து தடித்து, கண்ணில் பூளை, இருமல், தசைத் துடிப்பு இருந்து, தடுப்பூசியும் போடாத நாய் என்றால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயா என்று பார்க்க வேண்டும். ஹஸ்கியின் மூக்கு, வாய், கண்ணைச் சுற்றிப் பொருக்குத் தட்டினால் துத்தநாகக் குறைபாடு. அளவு மீறினால் நஞ்சு என்பதால் மருத்துவர் கணக்கிட்ட அளவில் மட்டும் கொடுங்கள்.

ஒரு நாசி மட்டும் வறண்டிருந்தால் அதே பக்கத்துக் கண்ணைப் பாருங்கள். அங்கே ஒட்டும் பூளை இருந்தால், கண்ணீருக்கும் அந்த நாசி ஈரத்துக்கும் பொதுவான நரம்பு கெட்டிருக்கிறது. நடுக்காதுத் தொற்று ஒரு காரணம். ஜெல்லி தடவி நாள் கடத்தினால் கண் போகும்.

பொருக்குக்குப் பதில் முடிச்சுப் புண் ஒன்று மூக்கில் கிளம்பி, வீட்டில் அல்லது தெருவில் பூனைச் சண்டை நடந்திருந்தால் ஸ்போரோத்ரிக்ஸ் பூஞ்சையை நினைவில் வையுங்கள். மலேசியாவில் இது பூனைக் கீறல் வழியாகப் பரவுகிறது, மனிதருக்கும் வரும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

மூக்கில் இரத்தம்

அடிபடாமல் மூக்கில் இரத்தம் வந்தால், பினாங்கில் முதலில் நினைக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். பழுப்பு உண்ணி கொண்டுவரும் எர்லிக்கியா கிருமி, இரத்தம் உறைய உதவும் இரத்தத் தட்டுகளைக் குறைத்துவிடும். கடித்துப் பல மாதம் கழித்தும் இரத்தம் வரலாம், ஆகவே இன்று உடம்பில் உண்ணி இல்லை என்பது ஆறுதல் ஆகாது.

1. நாயை அமைதியாக, குளிர்ந்த இடத்தில் படுக்கவையுங்கள். பதற்றம் இரத்த அழுத்தத்தை ஏற்றும்.
2. ஐஸைத் துணியில் சுற்றி மூக்குத் தண்டின் மேல் வையுங்கள். சப்பை மூக்கு நாய்க்கு நாசித் துளையை மறைக்காமல் பாருங்கள்.
3. பஞ்சைத் துளைக்குள் திணிக்காதீர்கள். தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள். பனடோல், ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.
4. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, ஈறிலும் அடிவயிற்றிலும் ஊசி குத்தினது போலச் சிவப்புப் புள்ளிகள் இருந்தாலோ உடனே கிளம்புங்கள். எலிப் பாஷாணம் வைத்த வீடென்றாலும் உடனே.
5. 15 நிமிடத்தில் நின்றுவிட்டாலும் அன்றே, தவறினால் மறுநாள், இரத்தத் தட்டு எண்ணிக்கை பார்க்க வேண்டும்.

எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் வழக்கமாக 28 நாள். இரண்டு மூன்று நாளில் நாய் துள்ளி ஓடும். அப்போது மாத்திரையை நிறுத்தினால் கிருமி உள்ளேயே தங்கி, பிறகு எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும், சோற்றோடு கொடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் ஒழுகினால்

இரண்டு நாசியிலும் தண்ணீர் மாதிரி ஒழுகித் தும்மினால் பெரும்பாலும் தொற்றோ ஒவ்வாமையோ. ஒரே பக்கம் என்றால் அந்தப் பக்கத்தில் ஏதோ இருக்கிறது. இதைச் சோதிக்கக் குளிர்ந்த கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடிக்கச் சொல்வார்கள். இங்கே காற்றின் ஈரத்திலேயே அது ஆவி படிந்து மங்கிவிடும். பஞ்சில் ஓர் இழை பிரித்து ஒவ்வொரு நாசிக்கு முன்னும் பிடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இழை அசையவில்லையோ அந்தப் பக்கம் அடைப்பு.

புல்வெளியில் ஓடிய அன்றே தொடர்ந்து தும்மி, மூக்கைக் காலால் தேய்த்தால் கெமுஞ்சுப் புல்லின் முள் ஏறியிருக்கலாம். இடுக்கியை உள்ளே விடாதீர்கள், முள் பின்னால்தான் போகும். மலையோர ஓடையில் தண்ணீர் குடித்த நாய்க்குச் சில நாள் கழித்து விட்டு விட்டு இரத்தம் வந்தால் நீர் அட்டை. தண்ணீர்ப் பாத்திரத்தில் மூக்கை வைக்கும்போது கறுப்பாக ஒன்று எட்டிப் பார்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். மருத்துவர் அந்தத் தருணம் பார்த்துத்தான் பிடிப்பார். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாய்க்கு மூக்குத் தண்டு வீங்கி இரத்தச் சளி வந்தால், முகர்வதாலும் நக்குவதாலும் நாய்க்கு நாய் பரவும் டிவிடி (TVT) என்ற புற்றுக்கட்டியாக இருக்கலாம். பெயர் பயமுறுத்தினாலும் வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி என்று சில வாரத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். வயதான நாய்க்கு ஒரு பக்கச் சளியோடு வாய்நாற்றமும் இருந்தால் மேல் கோரைப் பல்லின் வேர் அழுகி மூக்குக்குள் ஓட்டை விழுந்திருக்கும். பல்லைப் பிடுங்கி ஓட்டையைத் தைக்கும்வரை எத்தனை ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் சளி நிற்காது.